அக்கா நின்ற வரிசை

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓர் ஆண்டு ஆகிறது. அவருடைய வாழ்க்கையைப் பற்றி எழுதுவதற்கு முன், நான் செய்த ஒரு பிழையைத் திருத்த வேண்டியிருக்கிறது. பதினாறாம் நாள் காரியத்தின்போது நாளிதழுக்குக் கொடுத்த அறிவிப்பில், ‘நாற்பது தடவைக்கு மேல் இரத்த தானம் செய்தவர்’ என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான். அன்று மண்டபத்தில் ஒலிபெருக்கியிலும் அதையே வாசித்தேன். உங்களில் பலர் கண் கலங்கினீர்கள். அது உண்மையல்ல. அக்கா தம் வாழ்நாளில் ஒரு தடவைகூட இரத்தம் கொடுத்ததில்லை.

இதைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ, அதேதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆகவே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா கோலா கெத்திலுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தார். அப்பா பால் எடுக்க மரம் வெட்டினார். அம்மா இறந்தபோது எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினைந்து. மூன்றாம் படிவச் சோதனையை எழுதி முடித்த மறுவாரமே அவர் புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு அப்பாவோடு வேலைக்குக் கிளம்பினார். பதினெட்டு வயதில் சுங்கை பட்டாணியில் கையுறை செய்யும் கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், சேர்ந்தார். நான் இன்று ஓர் அரசாங்க அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றால், அது அவர் முப்பத்தைந்து ஆண்டுகள் நின்றுகொண்டே செய்த வேலையால்தான். அக்காவைக் கட்டிய மாமா லோரி ஓட்டுநர். அவர்களுக்குக் குழந்தை இல்லை. மாமா ஆறு ஆண்டுகளுக்கு முன் காலமானார். என் ஒரே மகள் யாழினிதான் அவர்கள் இருவருக்கும் பிள்ளை.

அக்காவுக்கு எதையும் தூக்கி எறிய மனம் வராது. வாங்கிய மின்விசிறியின் அடியில் வாங்கிய தேதியை எழுதி வைப்பார். பிஸ்கட் டின் ஒன்றில் எல்லாத் தாள்களும் இருக்கும். ஈரலை மட்டும் அவருக்குப் பிடிக்காது. சின்ன வயதில் அம்மா தட்டில் வைத்த ஈரலை அம்மா திரும்புவதற்குள் என் தட்டுக்கு மாற்றிவிடுவார். இந்த ஈரல் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் எப்படிச் சேவை மன்றத்தில் சேர்ந்தார் என்பது இருபத்திரண்டு ஆண்டுகளாக எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. அந்த மன்றத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் கடை வைத்திருப்பவர்கள், ஆசிரியர்கள், குத்தகைக்காரர்கள். அக்கா எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கடைசி நாற்காலியைத் தேடுகிறவர். மன்றத்தின் முன்னாள் தலைவர் அந்தோணி அண்ணன், பீடோங்கில் டயர் கடை வைத்திருப்பவர், சென்ற மாதம்தான் அதை எனக்குச் சொன்னார்.

“உங்க அக்கா மெம்பராகணும்னு வரல தம்பி. எங்கள ஏச வந்தாங்க.”

அந்த ஆண்டு தீபாவளிக்கு முன் மன்றம் அரிசிப் பை கொடுத்ததாம். பக்கத்து வீட்டில் நடக்க முடியாத ஓர் அம்மா இருந்தார். அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து அக்கா தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். ஒவ்வொருவரும் பையைத் தலைவரோடு சேர்ந்து பிடித்துக்கொண்டு படத்துக்கு நிற்க வேண்டும். படம் எடுப்பவரின் கேமரா பாதியில் மக்கர் செய்தது. வெயிலில் வரிசை நகரவில்லை. அக்கா வரிசையை விட்டு முன்னால் போய், “அண்ணே, நீங்க போட்டோ புடிச்சு முடிக்கறதுக்குள்ள அந்த அரிசில புழு வந்துரும் லா,” என்றாராம். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தோணி அண்ணனுக்குக் கோபம். அப்படியானால் அடுத்த தடவை நீயே வந்து செய்து காட்டு என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அக்கா நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார். அதற்குப் பிறகு மன்றத்தின் அரிசிப் பைகள் படம் இல்லாமல் வீடு தேடிப் போயின.

மன்றத்தில் சேருவது பெரிய காரியம் இல்லை என்று அந்தோணி அண்ணன் சொன்னார். பதவிக்கு வந்தவர்கள் பதவி கிடைத்ததும் அல்லது கிடைக்காததும் போய்விட்டார்கள். வியாபாரத்துக்கு ஆள் பழக வந்தவர்கள் பழகிக்கொண்டு போனார்கள். அக்கா எந்தப் பதவியும் ஏற்கவில்லை. இரத்த தான முகாமுக்கு முந்தின நாள் ஊரிலுள்ள எல்லோருக்கும் போன் அடித்து, நல்லா சாப்பிட்டுட்டு வாங்க, நல்லா தூங்கிட்டு வாங்க என்று சொல்வது அவருடைய வேலை. முகாமில் தேத்தண்ணி மேசையும் அவருடையது.

எனக்கு இதில் எரிச்சல் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. யாழினியின் பிறந்தநாளில் கேக் வெட்டும் முன்பே மன்றத்தின் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். “கிளப்புதான் ஒனக்கு மாமியார் வீடா?” என்று கேட்டேன். “மாமியார் வீட்டுக்குக் கூப்பிட்டா இவ்வளவு சீக்கிரம் போவேனா?” என்று சொல்லிவிட்டுக் காடியில் ஏறினார்.

சென்ற ஆண்டு காய்ச்சல் என்று படுத்தவருக்கு அது நுரையீரலில் இறங்கிவிட்டது. மருத்துவமனையில் ஐந்து நாட்கள். உடம்பில் இரத்தம் மிகவும் குறைவு என்று சொல்லி டாக்டர் இரண்டு பை இரத்தம் ஏற்றச் சொன்னார். நெடுநாளாகவே குறைவுதான் என்று அவர் மேலும் ஏதோ விளக்கினார். நான் முதல் பாதியை மட்டும் கேட்டேன். ஐந்தாம் நாள் விடியும்போது அக்கா போய்விட்டார்.

யாழினி அக்காவின் பழைய படங்களையெல்லாம் சேர்த்தாள். செமிலிங் பள்ளி மண்டபம், தஞ்சோங் டாவாயில் மீனவர்களின் கொட்டகை, தோட்டத்துக் கோயில் மண்டபங்கள். ஒவ்வொரு முகாம் படத்திலும் அக்காவின் இடது முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஆண்டுக்கு இரண்டு முகாம். எண்ணிப் பார்த்தோம். நாற்பதைத் தாண்டியது. நாளிதழ் அறிவிப்பு அங்கிருந்துதான் வந்தது. என் பெருமையும் கோபமும் அந்த ஒரே எண்ணிலிருந்து வந்தவை.

பதினாறாம் நாள் காரியத்தில் மன்றத்துக்காரர்கள்தான் பந்தி பரிமாறினார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். நான் ஒலிபெருக்கியில் வாசித்துவிட்டு இறங்கி வந்து அந்தோணி அண்ணனைச் சமையல் பக்கம் கூப்பிட்டேன்.

“நாப்பது தடவ உறிஞ்சிருக்கீங்க அண்ணே. அந்த ஒடம்புல என்ன மிச்சம் இருக்கும்?”

அவர், “நீங்க சாப்ட்டீங்களா தம்பி?” என்று மட்டும் கேட்டார். அன்று பாத்திரங்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் அவர்கள் போனார்கள். ஒருவரும் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு நான் மன்றத்துப் பக்கம் போகவில்லை. ஆனால் யாழினி போனாள். எனக்குத் தெரியாமல் அக்காவின் தேத்தண்ணி மேசையில் நின்றிருக்கிறாள். மூன்று மாதங்களுக்கு முன் ஒரு சம்மதப் பாரத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அடுத்த முகாமில் அவள் இரத்தம் கொடுக்க வேண்டுமாம். பதினேழு வயது என்பதால் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் எடுக்க மாட்டார்கள்.

முடியாது என்றேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. “அத்தை நாப்பது தடவ குடுத்தாங்கன்னு நீங்கதானே பேப்பர்ல போட்டீங்க? ஊருக்குப் பெருமையா சொல்லிட்டு வீட்டுல பயப்படுறீங்கப்பா,” என்றாள். பாரத்தைக் குளிர்பெட்டியின் மேல் காந்தம் வைத்து ஒட்டிவிட்டுப் போய்விட்டாள். தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அந்த வெற்றுக் கோட்டைப் பார்க்க வேண்டியிருந்தது.

என் மனநிலையை நான் இங்கே சொல்லியே ஆக வேண்டும். அக்கா போன நாளிலிருந்து மகள் இருமினால் நான் விழித்துக்கொள்கிறேன். பள்ளியிலிருந்து வர பத்து நிமிடம் தாமதமானால் இரண்டு தடவை போன் அடிக்கிறேன். அவள் உடம்பிலிருந்து ஒரு பை இரத்தம் வெளியே போவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவளை எப்படியாவது தடுக்க வேண்டும். அதற்கு அக்காவின் தானப் புத்தகம் போதும் என்று நினைத்தேன். இரத்தம் கொடுப்பவர்களிடம் சின்னச் சிவப்புப் புத்தகம் ஒன்று இருக்கும். கொடுத்த ஒவ்வொரு நாளும் அதில் முத்திரையோடு பதிவாகியிருக்கும். அந்த நாற்பது முத்திரைகளையும் மகளிடமும் அந்தோணி அண்ணனிடமும் விரித்துக் காட்ட வேண்டும் என்று அக்காவின் வீட்டைத் திறந்தேன்.

புத்தகம் இல்லை. பிஸ்கட் டின்னில் மின்விசிறி ரசீது இருந்தது. மாமாவின் லைசென்ஸ் இருந்தது. என்னுடைய ஐந்தாம் படிவத் தேர்வு முடிவின் நகல் இருந்தது. அதை அவர் எப்போது எடுத்து வைத்தார் என்று தெரியவில்லை. இப்படி ஒன்றையும் விடாதவர், நாற்பது தடவை கைக்கு வந்திருக்க வேண்டிய ஒரு புத்தகத்தை எப்படித் தொலைத்திருப்பார்? அலமாரி, மெத்தைக்கு அடி, பூஜை அறை என்று தேடினேன். கோபத்தோடு தேட ஆரம்பித்தவன், மூன்றாம் நாள் வெறும் ஆவலால் தேடிக்கொண்டிருந்தேன்.

கிடைத்தவை நாள்காட்டிகள். இருபதுக்கு மேற்பட்ட ஆண்டுகளின் நாள்காட்டிகளைச் சுருட்டி ரப்பர் பட்டை போட்டு வைத்திருந்தார். முகாம் நாட்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார். ஒவ்வொரு வட்டத்துக்கும் இரண்டு வாரம் முன்பிருந்து, தேதிக் கட்டங்களுக்குள் பொடி எழுத்தில் ஒரு சொல் வந்துகொண்டே இருந்தது. ‘ஈரல்.’ மறுநாள் ‘முருங்கைக்கீரை.’ பிறகு மறுபடியும் ‘ஈரல்.’ முகாம் நாளோடு அது நின்றுவிடும். அடுத்த முகாமுக்கு முன் மறுபடி தொடங்கும்.

ஈரலைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பவர். அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டுக்கு வரும்போது சில சமயம் ஒரு டப்பாவில் ஈரல் வறுவலைக் கையோடு கொண்டுவந்து, மருந்து விழுங்குவதைப் போல அதைத் தண்ணீரோடு விழுங்குவார். ஏன் என்று கேட்டால், “ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான்,” என்பார். நான் சிரித்துவிட்டு மறந்துவிட்டேன்.

நாள்காட்டிகளை எடுத்துக்கொண்டு பீடோங் போனேன். அந்தோணி அண்ணன் ஒரு டயரை உருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். புத்தகம் எங்கே என்று கேட்டேன். அவர் மறுபடி கையைத் துடைத்தார். நாள்காட்டி ஒன்றை விரித்து அந்தப் பொடி எழுத்தைக் காட்டினேன். அதைப் பார்த்ததும் அவருடைய கண்கள் சிவந்துவிட்டன.

“புத்தகமே கிடையாது தம்பி. ஒரு தடவ குடுத்தாதானே புத்தகம் குடுப்பாங்க.”

இரத்தம் எடுப்பதற்கு முன், விரல் நுனியில் குத்தி ஒரு துளி எடுத்து, நீல நிறத் தண்ணீர் உள்ள சின்னக் குப்பியில் விடுவார்கள். துளி அடியில் போய் உட்கார்ந்தால் உடம்பில் இரத்தம் போதுமான அளவு இருக்கிறது. மிதந்தால் போதாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதல் முகாமில் அக்காவின் துளி மிதந்தது. இரண்டாவதிலும் மிதந்தது. மருத்துவமனையில் சோதித்துப் பார்த்ததில், அவருக்குப் பிறவியிலேயே அப்படிப்பட்ட உடம்பு, வேலை வெட்டிக்குத் தடையில்லை, ஆனால் ஒருநாளும் இரத்தம் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அதோடு அவர் தேத்தண்ணி மேசையோடு நின்றிருக்கலாம். ஆனால் தோட்டத்து மண்டபங்களில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்கள் வருவார்கள், சுவரோரம் நிற்பார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். முதலில் போய் நிற்க ஒருவருக்கும் துணிவு வராது. ஒருவர் போனால் பத்துப் பேர் போவார்கள். ஒருவரும் போகாவிட்டால் பாதிப்பேர் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அக்கா அதைக் கவனித்திருக்கிறார். மூன்றாவது முகாமில் அவர் அந்தோணி அண்ணனிடம் சொன்னதை, அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“மொதல்ல நான் போறேன் அண்ணே. என் பின்னாடி வந்துருவாங்க. நான் திரும்பி வர்ற பக்கத்த மட்டும் மறைச்சு வச்சிருங்க.”

சோதனை மேசைக்கு முன் திரைச்சீலை போட்டது அன்றிலிருந்துதான். அக்கா எல்லோருக்கும் முன்னால் எழுந்து போவார். திரைக்குள் விரலைக் குத்துவார்கள். துளி மிதக்கும். தாதி மிஸி அவருடைய முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டி அனுப்புவார். அவர் அதோடு பின்பக்கமாக வந்து தேத்தண்ணி கலக்குவார். புது மிஸி வேலைக்கு வந்தால் பழைய மிஸி காதில் சொல்லிவிட்டுப் போவாராம். மன்றத்தில் அந்தோணி அண்ணன் ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நான் கேட்டேன் தம்பி. ‘வேணாம் அண்ணே, என் தம்பி தலவலிக்கே மூணு கிளினிக் ஏறி எறங்கும்’னு சொன்னாங்க.”

டயர் கடையில் உட்கார்ந்து நான் சிரித்தேன். சிரித்தேனா என்பதும் சரியாகத் தெரியவில்லை. பிறகு அந்த ஈரலைப் பற்றிக் கேட்டேன். சாப்பாட்டால் இது மாறாது என்று மிஸி அக்காவிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாராம். அப்படியானால் எதற்கு? வெறும் பிளாஸ்திரிக்கு ஈரல் தேவையில்லையே.

“அது எனக்கும் தெரியல,” என்றார் அந்தோணி அண்ணன். “மிஸியக் கேளுங்க. மூணு வாரத்துல செமிலிங்ல முகாம்.”

பதினாறாம் நாள் நான் பேசிய பேச்சுக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அந்தப் பேச்சே நடக்காததைப் போல என் காடியின் டயரில் காற்று குறைவாக இருக்கிறது என்று சொல்லி, அடித்துவிட்டு அனுப்பினார்.

சென்ற ஞாயிறு செமிலிங் போனோம். வழியில் யாழினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். பாரம் என் சட்டைப் பையில் இருந்தது. கையெழுத்துப் போடவில்லை.

மண்டபத்தில் முப்பது பேருக்கு மேல் சுவரோரம் நின்றார்கள். கட்டில்கள் தயாராக இருந்தன. மிஸிகள் காத்திருந்தார்கள். ஒருவரும் நகரவில்லை. ஒருவர் போனைப் பார்த்தார். இன்னொருவர் சுவரில் மாணவர்கள் வரைந்து ஒட்டியிருந்த படங்களை வாசிப்பதைப் போல நின்றார். அந்தோணி அண்ணன் யாரையும் பார்க்காமல் நாற்காலிகளை நேராக்கிக்கொண்டிருந்தார். எனக்கு ஊசி என்றால் பயம். ஐம்பத்தோரு வயதுவரை எந்த முகாமிலும் நான் காலடி வைத்ததில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் காலியாக இருந்த இடம் எது என்று திரைக்கு வெளியே என்னைத் தவிர அன்று அந்தோணி அண்ணனுக்கும் யாழினிக்கும்தான் தெரியும். எழுந்து நடந்தேன். பாதி தூரம் போனபோது பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

திரைக்குள் இருந்த மிஸி நடுத்தர வயது மலாய்க்காரப் பெண். பதிவுத் தாளில் என் அப்பாவின் பெயரைப் பார்த்துவிட்டு, நான் அக்காவின் தம்பியா என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். விரலைக் குத்தித் துளியைக் குப்பியில் விட்டார். நான் குனிந்து பார்த்தேன். துளி பாதிவரை இறங்கியது. அங்கேயே தயங்கியது. பிறகு மெல்ல மேலே வந்தது.

மிஸி சிரிக்கவில்லை. உங்கள் அக்காவும் ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் குனிந்து பார்ப்பார் என்றார். இந்தத் தடவை அடியில் போய்விடும் என்று நம்புகிறவர் மாதிரி பார்ப்பாராம். மேலே வந்துவிட்டால், பரவாயில்லை, அடுத்த தடவை என்று மிஸிக்கே ஆறுதல் சொல்லிவிட்டு எழுவாராம்.

ஈரலுக்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

என்னை விரைவில் மருத்துவமனைக்கு வந்து சோதித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் என்னைப் பார்த்தார். நான் இடது கையை நீட்டினேன்.

பின்பக்கமாக வெளியே வந்தபோது யாழினி பதிவு மேசைக்குப் பக்கத்தில் ஓரமாக நின்றாள். கையெழுத்து இல்லாததால் அவளை நிறுத்தி வைத்திருந்தார்கள். என் முழங்கையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். யாருக்கும் கேட்காத குரலில், “மெதந்துச்சாப்பா?” என்றாள்.

நான் பாரத்தை எடுத்து மேசைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். குத்திய விரல் என்பதால் கோட்டுக்குப் பக்கத்தில் சின்னக் கறை ஒன்று பட்டுவிட்டது. அதிகாரி பரவாயில்லை என்றார். அவளுடைய துளி நேராக அடியில் போய் உட்கார்ந்ததாம். பை நிறையும்வரை நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தேத்தண்ணி கலக்கினேன். சர்க்கரை அதிகமாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள்.

அன்று செமிலிங்கில் என் கையில் பிளாஸ்திரியைப் பார்த்தவர்கள் இந்த மலரைப் படித்தால், உண்மை இதுதான். இதை எழுதலாமா என்று அந்தோணி அண்ணனிடம் கேட்டேன். எழுதுங்கள், இனிமேல் திரைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தே நாலு பேர் முன்னால் வரட்டும் என்றார்.

அக்காவின் மருத்துவமனை நாட்களில் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் மிஸிகளுக்கும், கஞ்சி கொண்டுவந்து கொடுத்த தாமான் குடியிருப்பின் அண்டை வீட்டாருக்கும், தூரத்திலிருந்து வந்து எங்களோடு நின்ற உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நான் பேசியதைப் பொறுத்துக்கொண்டு பாத்திரம் கழுவிவிட்டுப் போன மஞ்சள் சட்டைக்காரர்களுக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதி வரவில்லை. வரும் முகாம்களில் நிற்கிறேன்.

கடைசியாக, பெயர் தெரியாத இருவருக்கு. அக்காவின் கடைசி நாட்களில் அவர் உடம்பில் ஏறிய இரண்டு பை இரத்தம் உங்களுடையது. நீங்கள் எந்த ஊர், எங்கே கொடுத்தீர்கள் என்று மருத்துவமனையில் கேட்டேன். அதைச் சொல்லக் கூடாதாம். எனக்கு ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள ஆசை. அன்று நீங்கள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தபோது, உங்களுக்கு முன்னால் எழுந்து போனவர் யார்?